‘வருகிறேன்’ என்று சொன்னவர்

டைப் மிஷின் விசைகளுக்கு மேல் விரல்களைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்கிறார் சௌந்தரபாண்டியன்: “இப்பமும் அங்கனதான் வேலை பாக்கியளா, இல்ல நின்னுட்டியளா?”

மனு அடிக்க வந்தவர் “பாக்கேன் அண்ணாச்சி” என்றாலும் விடுவதில்லை. “இன்னைக்குக் காலைலயும் போனியளா?” அதற்கும் பதில் வந்த பிறகுதான் மிஷின் ஓடும்.

சங்கரன்கோவில் தாலுகா ஆபீசுக்கு எதிரே, தகரக் கொட்டகையில் இருபது வருடமாக மனு அடிக்கிறார். வாயில் எப்போதும் வெற்றிலை. தாளில் எச்சில் தெறித்துவிடும் என்று, அடிக்கத் தொடங்கினால் யார் கூப்பிட்டாலும் உதடு பிரியாது.

எழுபத்தெட்டாம் வருடம் மைமூனம்மாள் வந்தார். ஓர் அரசு அலுவலகத்தில் ஒன்பது வருடமாகத் தினக்கூலிக்குப் பெருக்கிக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவர்களை நிரந்தரமாக்க மனு கேட்டிருந்தார்கள். ‘வேலை பார்த்து வருகிறேன்’ என்பதற்கு இங்கிலீஷில் ‘ஹேவ் பீன்’ என்று வரவேண்டும். சௌந்தரபாண்டியன் ‘ஹேட் பீன்’ என்று அடித்தார். கை தவறி அல்ல. அதுதான் கௌரவமான இங்கிலீஷ் என்று நினைத்திருந்தார். ‘வேலை பார்த்து வந்தேன்’ என்று அர்த்தமாகிவிட்டது. ‘தற்போது பணியில் இல்லாதவர்’ என்று குறிப்பெழுதி மனுவைத் தள்ளிவிட்டார்கள். திருத்தி மறுமனு போடுவதற்குள் பட்டியல் முடிந்துவிட்டது. கூடப் பெருக்கிய மூன்று பேர் நிரந்தரமானார்கள். தினக்கூலி வேலையும் நின்றுபோய், மைமூனம்மாள் பீடி சுற்றப் போனார்.

“ரெண்டு வருசம் அந்தம்மா ஆபீசரைத்தான் ஏசிக்கிட்டு இருந்துச்சு. நானும் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தேன் சார். அதான் பெரிய பாவம்” என்று என்னிடம் சொன்னார்.

பிறகு ஒருநாள் வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லியிருக்கிறார். சுற்றிக்கொண்டிருந்த பீடியைத் தட்டில் வைத்துவிட்டு, “அப்ப ஆபீசர் மேல குத்தம் இல்லையா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டாராம். அதோடு நான்கு வருடமாகப் பேச்சு இல்லை.

நான் அங்கே உட்கார்ந்திருந்த மத்தியானம் மைமூனம்மாளே வந்து நின்றார். மகளை டீச்சர் டிரெயினிங்கில் சேர்க்க மனு வேண்டுமாம்.

இவர் எழுந்துவிட்டார். “வேற நல்ல ஆளாப் பாத்து அடிக்கக் குடுங்கம்மா.”

“வேற ஆளு என்கிட்ட எதையும் கேக்க மாட்டாவ. நீங்க கேட்டுத்தான அடிக்கிய? அடிங்க.”

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். பெயர், ஊர், மகளின் படிப்பு எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்டார். தாளைச் செருகிய பிறகும் கை விசைக்கு வரவில்லை. தெருக்காற்றில் தாளின் முனை படபடத்தது. மைமூனம்மாள் குனிந்து, புகையிலைக் கறை ஏறிய விரலால் அந்த முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.