காய்ச்சலுக்கு ஒரு தீர்ப்பு நாள்

அந்த ஜெராக்ஸ் தாள்களை அன்றைக்கே அடுப்பில் போட்டிருப்பேன். பழங்கால கிரேக்க வைத்திய நூல்களை முதன்முதலில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களைப் பற்றி என் வீட்டுக்காரர் தமிழில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த காலம். மகள் டைபாய்டு காய்ச்சலில் திண்டிவனத்து நர்சிங் ஹோமில் கண் திறக்காமல் கிடக்கிறாள். மனுஷன் கட்டிலோரம் உட்கார்ந்து அந்தத் தாள்களில் பென்சிலால் கோடு போடுகிறார். பயத்தை அப்படித்தான் அடக்கினார் என்பது இப்போது புரிகிறது. அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காய்ச்சல் தணியுமா முற்றுமா என்பது ஏழாம் நாள் மாதிரிக் குறிப்பிட்ட சில நாட்களில் முடிவாகிவிடும் என்று கிரேக்க வைத்தியர்கள் நம்பினார்களாம். அந்த முடிவுக்கு அவர்கள் வைத்திருந்த சொல்லைப் பழைய ஆங்கிலக்காரர் ஒருவர் ‘ஜட்ஜ்மென்ட்’ என்று பெயர்த்திருந்தார். என் வீட்டுக்காரர் அதைத் தமிழில் ‘தீர்ப்பு’ ஆக்கிக்கொண்டார். ஏழாம் நாள் காலையில் டாக்டர், “மருந்த மாத்தியிருக்கேன், இன்னிக்குத் தெரிஞ்சிடும்” என்றார். இவர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், விழுப்புரத்திலிருந்த தன் அம்மாவிடம், “இன்னிக்குத்தாம்மா தீர்ப்பு நாள்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் கத்தோலிக்க வீடுகளில் தீர்ப்பு நாள் என்றால் ஆண்டவர் முன்னால் போய் நிற்கிற நாள். வேறு பொருள் கிடையாது.

மதியம் மாமியார் பங்குச் சாமியாரோடு உள்ளே நுழைந்தார். சாமியார் கையில், சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசுகிற எண்ணெய். டாக்டர் என்னிடம் மறைத்ததை இவர்களிடம் சொல்லிவிட்டார் என்றே நினைத்தேன். “இன்னா சொன்னீங்க உங்க அம்மாகிட்ட?” என்றேன்.

“தீர்ப்பு நாளுன்னான். புள்ளைக்கு எண்ணெ பூசாம நான் எப்டிம்மா குந்திக்கினு இருப்பேன்?” என்று மாமியார் அழுதார்.

“அது கிரேக்கத்துல...” என்று இவர் ஆரம்பித்தார். யாரும் கேட்கவில்லை. சாமியார் கட்டைவிரலில் எண்ணெயைத் தொட்டுக் குனிந்தார். கையைக் கொண்டுபோய் மகளின் நெற்றியை மூடினேன். உள்ளங்கை நனைந்தது. வேர்வை. கழுத்திலும் காதோரத்திலும் ஊற்றிக்கொண்டிருந்தது.

“சாமி, புள்ளைக்கு வேர்க்குது, ஜொரம் வுடுது” என்றேன்.

“கைய எடும்மா. சொகமாகறதுக்கும் இதே எண்ணெதான்” என்று சொல்லிச் சாமியார் பூசிவிட்டார்.

ஆய்வேட்டில் அவர் அந்தச் சொல்லைத் ‘திருப்பம்’ என்று மாற்றினார். மாமியார் கடைசிவரை அவரை மன்னிக்கவில்லை. மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். அவள் தும்மினால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிடுகிறேன். “சும்மா இரும்மா, பேஜாரு பண்ணாத” என்று கையைத் தட்டிவிடுகிறாள். தட்டிவிடட்டும். தட்டிவிட அவள் இருக்கிறாளே, எனக்கு அது போதும்.