சிவப்பு ரேப்புக்கு அங்காலை விழுந்த கறுத்தக்கொழும்பான்

முதல்லை மூக்குக்குத்தான் தெரிஞ்சுது... பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழ மணம்.

கன வருசம் இடம்பெயர்ந்து கொக்குவிலிலை வாடகைக்கு இருந்த நாங்கள், எங்கடை காணிக்குப் போகலாம் எண்டு ஆமி சொன்ன உடனை பார்க்கப் போன நாள். வீடு இல்லை, அத்திவாரம் மட்டும். காணியின்ரை முன்பாதியிலைதான் கண்ணிவெடி எடுத்து முடிஞ்சிருந்தது. பின்பாதிக்குப் போகக்கூடாது எண்டு குறுக்கை சிவப்பு ரேப், நாடா மாதிரி இழுத்துக் கட்டியிருந்தது. அதுக்கு அங்காலை, என்னைப் பெத்த ஐயா நட்ட மாமரம்...

மகளுக்கு அப்ப ஏழு வயசு. எனக்கோ வாய் சும்மா கிடக்காது. பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன், மாம்பழத்திலை பட்டம் எடுத்தவன் மாதிரித் தொடங்கினன்.

பண்டத்தரிப்பிலை ஒரு வீட்டு மரத்திலை ஐயா ஒட்டுக் கட்டிக் கொண்டுவந்த மாங்கண்டு இது. கொழும்பிலையிருந்து வந்த சாதி எண்டபடியால்தான் அந்தப் பேராம். பழுத்தாலும் தோல் கரும்பச்சைதான், மணந்துதான் பார்க்கோணும். நார் இல்லை. தோலோடை ஒட்டின சதையிலை ஒரு சின்னப் புளிப்பு, உள்ளுக்கை தேன், சாறு முழங்கை மட்டும் ஓடும்...

தொப்பெண்டு ஒண்டு விழுந்தது.

திரும்பிப் பார்த்தால் மகள் பக்கத்திலை இல்லை. ரேப்புக்குக் கீழாலை பூந்து போய், மரத்தடியிலை பழத்தை மூக்கிலை வைச்சு மணந்துகொண்டு நிக்கிறாள். நான் சொல்லிக்குடுத்த மாதிரியே.

ரேப்பை உயர்த்திப் பிடிச்சு நானும் பூரப் போனன்.

பக்கத்துக் காணியிலை வெடி எடுத்துக்கொண்டிருந்த பொம்பிளைப் பிள்ளை ஒண்டு ஓடிவந்து என்ரை தோளைப் பிடிச்சா.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ."

பிறகு மகளிட்டை, மெதுவா...

"குஞ்சு, அசையாமல் நில்லுங்கோ. விடிய மழை பெய்ததெல்லே, நீங்கள் வந்த கால் அடையாளம் தெரியுதோ?"

"ஓம்."

"அதிலை மட்டும் கால் வைச்சு வாங்கோ."

செம்மண்ணிலை பதினொரு அடி. அவளுக்கு அது விளையாட்டு. நாக்கைக் கடிச்சுக்கொண்டு, பழத்தையும் விடாமல் வாறாள். ஒன்பதாவதிலை ஒருக்கால் ஆடினாள்... நான் கண்ணை மூடிப்போட்டன்.

அவளைத் தூக்கேக்கை நான் இடுப்பிலை கட்டியிருந்த சாரம் நனைஞ்சிருந்தது. மழை எண்டு, அத்திவாரத்தடியிலையிருந்து ஓடிவந்த மனிசிக்குச் சொன்னன். மழை எப்பவோ விட்டிட்டுது எண்டு தெரிஞ்சும் அவ தன்ரை தோளிலை கிடந்த துவாயை எடுத்துத் தந்தா.

அந்தப் பழத்தை மூண்டு பேரும் திண்டனாங்கள். "தேன்தான் அப்பா" எண்டாள் மகள். எனக்கு ஒரு ருசியும் தெரியேல்லை.

இப்ப வெடியெல்லாம் எடுத்து, அதிலை வீடும் கட்டியாச்சு. மகள் கம்பஸிலை படிக்கிறாள். மாம்பழக் காலத்திலை, மழை பெய்த காலமை பழம் பொறுக்கப் போனால் அவளை முன்னாலை விட்டிட்டு நான் பின்னாலை போவன்... அவளின்ரை கால் அடையாளத்திலை கால் வைச்சு வைச்சு.

"ஏனப்பா இவ்வளவு ஆறுதலா, மெல்ல மெல்ல வாறியள்?" எண்டு கேட்பாள்.

முழங்கால் நோகுது எண்டு சொல்லுவன்.