பொன்னுத்தாயின் ஆறு மா நிலம்

ஆலங்கட்டளையில் பஸ்ஸை விட்டு இறங்கி, "பொன்னுத்தாய் வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். யாராக இருந்தாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் வழி காட்டுவார்கள். அந்த வீட்டில் இன்று ஒரு தலைமையாசிரியை இருக்கிறார், ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறார், மாயவரம் கோர்ட்டில் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு வாதாடும் ஒரு பெண்ணும் உண்டு. ஆனாலும் ஊர் அவர்களைப் படிப்பை வைத்து அடையாளம் சொல்வதில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்திய ஒரு நடவு நாளை வைத்துத்தான் சொல்லும்.

பொன்னுத்தாய் பதினாறு வயதில் குத்தாலம் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிறந்த வீடும் புகுந்த வீடும் பண்ணையாள் குடும்பங்கள். மாமியார் தங்கம்மாளின் கழுத்தில் தாலி ஏறவே மிராசுதாரின் உத்தரவு வேண்டியிருந்ததாம். சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்தது, சவுக்கால் அடித்தது என்று அந்தக் காலத்தைச் சொல்லும்போது மட்டும் தங்கம்மாளின் குரல் தாழ்ந்துவிடும். மற்றபடி அவள் உப்பு கேட்டாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். மருமகளும் சளைத்தவள் இல்லை. இரண்டு பேரும் காலையில் சண்டை பிடித்தால் மத்தியானம் ஒரே சட்டியில் பழையது சாப்பிடுவார்கள்.

சங்கம் வந்தது, செங்கொடி வந்தது, பண்ணையாள் முறை உடைந்தது. பொன்னுத்தாயின் புருஷன் அந்தப் போராட்டத்தில் முன்வரிசையில் நின்றவன். பிற்பாடு மிராசுதாரின் நிலத்தில் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், அவனுக்குக் குத்தகைக்கு வந்தது. தாழ்ந்த வயல், வேறு யாரும் கேட்காத வயல் என்பதால்தான் வந்தது. எல்லாம் வாய்ப்பேச்சு. பத்திரம் கிடையாது. வருஷா வருஷம் களத்தில் குத்தகை நெல்லை அளந்து போட்டார்களே தவிர, ஒரு தடவையாவது ரசீது கேட்டதில்லை. சோறு போட்டவரிடம் அரிசிக்குக் கணக்குக் கேட்பது மாதிரி அது மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள். வெகுளித்தனம்தான், வேறென்ன சொல்வது!

ஒரு ஐப்பசி மழையில் காமாலை வந்து அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தான். மூன்று பெண் குழந்தைகள், ஒரு மாமியார், ஆறு மா நிலம். பெண்பிள்ளை கலப்பையைத் தொடக்கூடாது என்பது ஊர் வழக்கம். "ஏர் பிடிக்காத கைக்கு எதுக்கு நிலம்? விட்டுட்டு நடவுக் கூலிக்குப் போ" என்று நாலு பேர் நல்ல புத்தி சொன்னார்கள். பொன்னுத்தாய் அந்த நாலு பேருக்கும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டு, தம்பி இளையபெருமாளை ஏர் ஓட்டக் கூப்பிட்டாள். உழவு ஒன்றுதான் அவனுடையது. விதை, நாற்று, மடை, களை, அறுப்பு எல்லாம் அவள் பாடு. மூத்தவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவும் இல்லை.

உதயசூரியன் ஆட்சி வந்த நாலாவது வருஷம். குத்தகைக்கு உழுகிறவர்களின் பேரைச் சர்க்கார் பதிவு செய்யும் என்று சட்டம் வந்துவிட்டது. பேர் ஏறினால் யாரும் அசைக்க முடியாது, ஏறாவிட்டால் எந்த அறுவடையோடும் வெளியேற்றிவிடலாம். அதனால் தஞ்சைச் சீமை முழுக்க மிராசுதார்கள் ராத்திரியோடு ராத்திரியாக விவசாயிகள் ஆகிவிட்டார்கள். ஆலங்கட்டளை மிராசுதார் சார்பில் அவருடைய காரியஸ்தர் துரைராசு மனு கொடுத்தார். அந்த ஆறு மா பண்ணையின் சொந்தச் சாகுபடி என்றும், பத்து வருஷமாகத் தானே முன்னின்று நடத்துவதாகவும், பொன்னுத்தாய் வெறும் நடவுக்கூலி என்றும் எழுதியிருந்தார்.

தாசில்தார் நேரில் வந்து விசாரிப்பதாகத் தாக்கீது வந்தது. ஆனி மாதம், குறுவை நடவுக்கு அவள் குறித்திருந்த அதே நாள். தள்ளிப்போடவும் வழியில்லை. நாற்று முற்றினால் மாட்டுக்குத்தான் ஆகும். மூன்று பெண்களை வைத்துக்கொண்டு எங்கே போவது என்ற பயத்தில் பொன்னுத்தாய்க்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

துரைராசுவுக்கோ நடவு நாளில் விசாரணை என்றதும் பரம சந்தோஷம். நடவு தொடங்கும்போது முதல் நாற்று முடியை, அதாவது நாற்றுக் கட்டை, சாகுபடிக்காரர் தன் கையால் ஈசானிய மூலையில் நட வேண்டும். வடகிழக்கு மூலை சாமி மூலை, டெல்டா முழுக்க அதுதான் வழக்கம். அந்த முடியைத் தாசில்தார் கண்ணெதிரில் தானே நட்டுவிட்டால் அப்புறம் பேச்சு ஏது? சலவை வேட்டி, சந்தனப் பொட்டு, கையில் சூடம், பூ, தேங்காய் என்று மாப்பிள்ளை மாதிரி வந்து சேர்ந்தார்.

தாசில்தார் மீரா உசேன் நாகூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். வரப்பில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். பக்கத்தில் ஒரு கிளார்க். இருபது நடவுக்காரிகள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தயாராக நின்றார்கள். தங்கம்மாள் கஞ்சிப் பானையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

"பண்ணை நடவு இன்னிக்குத்தாங்க ஆரம்பம். முதல் முடியை வச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் துரைராசு ஒரு நாற்று முடியைக் கையில் எடுத்தார். ஈசானிய மூலையை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

நடவுக்காரிகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எல்லாருக்கும் தெரியும். தங்கம்மாள் மருமகளின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏண்டி, வாயைத் திறக்காதே. போகட்டும்."

"உசுரு அத்தே."

"இடுப்போட நிக்கும். எனக்குத் தெரியாதா?"

பொன்னுத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. "ஐயா! அங்க எறங்காதீங்க! அது உளைச் சேறுங்க, ஆளை இழுத்துடும்!" என்று கத்தினாள்.

துரைராசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்தீங்களா சார், தடுக்கிறா. ஏ பொன்னுத்தாயி, எனக்கே என் வயலைச் சொல்லித் தர்றியா?" என்று சொல்லி வலது காலை வைத்தார். அடுத்த காலை அவர் வைக்கவில்லை, அதுவே போனது. சலவை வேட்டி குடை மாதிரி விரிந்து சேற்றில் மிதந்தது. இடுப்பளவு சேற்றில் நின்றபடி தேங்காயை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திய நடவுக்காரிகள் பொத்திய கையோடு வரப்பில் விழுந்து சிரித்தார்கள்.

"அசையாதீங்கய்யா, அசைஞ்சா இன்னும் போவும்" என்று சொல்லிக்கொண்டே பொன்னுத்தாய் பரம்புப் பலகையைச் சேற்றின்மேல் தள்ளினாள். சேற்றைச் சமன் செய்யும் பலகை அன்றைக்கு மனுஷனைக் கரையேற்றப் பயன்பட்டது. இளையபெருமாள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்து இழுத்து அவரை வரப்பில் போட்டார்கள். ஒரு செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

மீரா உசேன் பொன்னுத்தாயைப் பார்த்தார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நாங்க குத்தகை எடுத்த முதல் வருஷமே அப்ப உசுரோட இருந்த எங்க மாமனார் ஓட்டுன ஏர் மாட்டுல ஒண்ணு இங்கதாங்க எறங்கிப்போச்சு. அதுலேருந்து எங்க வீட்டுல ஈசானியத்துல நடறதில்லைங்க. எதிர் மூலையிலதான் முதல் முடி. சாமி கோவிச்சுக்காதுங்க, அதுக்கும் வயல் தெரியும். இந்த மூலைக்கு வரப்புல நின்னு நாத்தை வீசிடுவோம். களையெடுக்கத் தென்னமட்டை போட்டு அது மேல நிப்போம்."

தாசில்தார் சேறு வழியும் துரைராசுவின் பக்கம் திரும்பினார். முகத்தில் சிரிப்பில்லை, குரலில்தான் கொஞ்சம் இருந்தது.

"பத்து வருஷமா நீங்க இந்த மூலையிலதான் முதல் முடி வைக்கிறீங்களா?"

துரைராசு தேங்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ போய் நடும்மா" என்றார் தாசில்தார்.

பொன்னுத்தாய் தென்மேற்கு மூலையில் இறங்கினாள். முடியைப் பிரித்து நாற்றை ஊன்றியதும் இருபது பேரும் குலவையிட்டார்கள். வாய்க்கால் கரையில் மேய்ந்த வாத்துக்கூட்டம் மிரண்டு சிதறியது.

அவள் கரையேறியதும் கிளார்க் காகிதத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். "பேரு?"

"பொன்னுத்தாய்ங்க."

"புருஷன் பேரு?"

அவள் மாமியாரைப் பார்த்தாள். புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லும் வழக்கம் அந்தத் தெருவில் இல்லை. தங்கம்மாள் கஞ்சிப் பானையை நகர்த்திவிட்டு எழுந்து வந்தாள்.

"வைரக்கண்ணுன்னு எழுதுங்கய்யா. எம் மவன். சர்க்காரு அவன் பேரை ரெண்டு தடவை எழுதியிருக்கு, ரெண்டு தடவையும் போலீஸ் டேஷன்ல. இந்தத் தடவை நிலத்துக்குப் பக்கத்துல எழுதுங்க."

கிளார்க் எழுதி முடித்ததும் மீரா உசேன் காகிதத்தை வாங்கினார். குடையை மடக்கி வரப்பில் வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "ஆலங்கட்டளை கிராமம், ஆறு மா நஞ்சை. சாகுபடி செய்பவர் பொன்னுத்தாய், கணவர் பெயர் வைரக்கண்ணு."

பொன்னுத்தாய் சிரித்துக்கொண்டே அழுதாள். தங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊருக்கே கேட்கும் அந்தக் குரல் அப்போது பக்கத்தில் நிற்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை படிங்கய்யா" என்றாள்.

தாசில்தார் இன்னொரு தடவை படித்தார்.