கையில் எழுதிய விலை

மலேசியாவில் கோலா பிலா பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் நான் லாரிகளை எடை போடுகிறேன். பழக்குலை ஏற்றி வரும் ஓட்டுநர் ஒருவர், ஒல்லியான ஆள், வரிசையில் காத்திருக்கும்போது கைப்பேசியில் பங்கு வாங்கி விற்பார். விலை மளமளவென்று சரியும் நாளில்தான் வாங்குவார். வாங்குமுன், எந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்பதைப் பேனாவால் இடக்கையில் எழுதிக்கொள்வார். அவர் குடியிருந்த தோட்டத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தது தோட்ட நிர்வாகம். அவர் பங்கில் போட்டது சொந்த வீட்டுக்குச் சேர்த்த பணம்.

ஒருநாள் வாங்கிய பங்கு மேலும் சரிந்து, கையில் எழுதிய விலையைத் தொட்டது.

பின்னால் நின்ற ஓட்டுநர் சிரித்தார். "பொறு லா, மத்தியானம் ஏறிடும். பயந்தாங்கொள்ளி!"

"ஏறட்டும் லா. ஏறாட்டி என் பொண்டாட்டி பிள்ளைங்கள உன் லாரியிலயா படுக்க வைப்ப?"

சொல்லிவிட்டு நஷ்டத்துக்கே விற்றார்.

மத்தியானம் விலை ஏறிவிட்டது. மறுநாள் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"ஏறிருச்சுண்ணே, பார்த்தேன்" என்றார் அவரே. "இன்னிக்கு எடை எவ்ளோ?"

நானாயிருந்தால் ஒரு வாரம் மனசுக்குள் புலம்பியிருப்பேன். அவரால் எப்படி முடிந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.