ஆள் வராங்க

கடப்பாக்கத்தில் மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறிய ஒரு அம்மா, நான் பை வைத்திருந்த பக்கத்து சீட்டைக் கேட்டார். வாடை பிடிக்காமல், "ஆள் வராங்க" என்று பொய் சொன்னேன். வேறு இடமில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கல்பாக்கத்தில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக ஒருவர் ஏறினார். கேட்பதற்கு முன்பே பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இன்னாம்மா, நீ சொன்ன ஆளு இவங்கதானா?" என்றார் மீன்கார அம்மா. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"எதுக்குக் கத்துறீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"கத்தலம்மா, கேக்குறேன். மாமல்லபுரம் வரிக்கும் நின்னுகினுதான வரப்போறேன், யோசிச்சே சொல்லு."

அப்போதாவது எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்திவிட்டாரே என்று அவர்மேல்தான் கோபம் பொங்கியது.

அந்தக் கோபத்தை நினைத்தால், இன்றும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.