சித்தப்பா போட்ட ஓட்டு

பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் அந்தக் காலத்தில் ஓட்டுப் போடுவதற்கு உயிரோடு இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஊரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆண்பிள்ளையாக இருந்தால் போதும். கல்லறைத் தோட்டத்திலிருந்தும் சைகோனிலிருந்தும் ஆட்கள் வந்து ஓட்டுப் போட்டுவிட்டுப் போவார்கள் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சைகோனுக்கு வேலைக்குப் போனவர்களின் ஓட்டுக் கார்த்து வீட்டில்தான் கிடக்கும். கார்த்து என்பது பெயரும் தெருவும் எழுதி முத்திரை குத்திய ஒரு தடித்த அட்டை. அதில் படம் கிடையாது. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அந்த ஆள். தேர்தல் வந்தால் வீட்டுக்காரர்கள் அதைத் தங்கள் கட்சிப் பெரியவரிடம் கொடுத்துவிடுவார்கள். இதை யாரும் திருட்டு என்று நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு அண்டா குண்டான் கொடுத்து அனுப்புவதைப் போலத்தான் அதையும் செய்தார்கள்.

எங்கள் வீட்டில் அப்படி ஒரு கார்த்து இருந்தது. அது சித்தப்பாவுடையது. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது அவர் கப்பலேறினார். இரண்டு வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுவிட்டது. சித்தி எங்களோடேயே இருந்தாள். காலையில் பூசைக்குப் போவாள், அங்கிருந்து அப்படியே கன்னியர் மடத்துத் தையற்கூடத்துக்குப் போவாள், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவாள். குழந்தை கிடையாது. புருஷன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத பெண்ணுக்கு எங்கள் தெருவில் ஒரு பெயரும் இல்லை. கல்யாண வீட்டில் அவளை முன்னால் உட்கார வைப்பதா பின்னால் உட்கார வைப்பதா என்று ஒவ்வொரு முறையும் குசுகுசுப்பு நடக்கும். சித்தி அதற்காகவே நேரம் கழித்துப் போய்க் கதவோரம் நின்றுவிட்டு வருவாள்.

எனக்கு ஒன்பது வயதானபோது சைகோனிலிருந்து ஒரு சமையற்காரர் திரும்பி வந்தார். சித்தப்பா விஷக்காய்ச்சலில் போய்விட்டதாகவும், குழிக்குள் தான் ஒரு பிடி மண் போட்டதாகவும் சொன்னார். சர்க்கார் காகிதம் எதுவும் அவரிடம் இல்லை. ஆனாலும் பங்குச் சாமியார் முன்னால் சத்தியம் செய்தார். அப்பாவும் உடன் போய், தன் தம்பி இறந்துவிட்டதாகத் தானும் நம்புவதாகச் சொன்னார். சாமியார் நெடுநேரம் யோசித்துவிட்டு, சரி, ஒரு சனிக்கிழமை காலை இறந்தவர் பூசை வைப்போம் என்றார். கோவில் கதவில் சித்தப்பாவின் பெயரை எழுதி ஒட்டினார்கள்.

சித்தி அழுதாள். ஆனால் அழுது முடித்தவளின் முகம் முன்பிருந்த முகமாக இல்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. கடிகாரம் பழுது பார்க்கும் ஒருவர், மனைவியை இழந்தவர், அந்த வருஷம் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை மூன்று தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். கடிகாரத்துக்கு ஒரு கோளாறும் இல்லை. அம்மாவுக்கு இது முதல் தடவையே புரிந்துவிட்டது, அப்பாவுக்கு மூன்றாம் தடவை புரிந்தது. விதவையின் மறுமணம் எங்கள் ஜனத்தில் அபூர்வம். ஆனாலும் சாமியார் தடை சொல்லவில்லை. பூசை முடியட்டும், பிறகு மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலை வாசித்துவிடலாம் என்றார். அந்த நாட்களில் சித்தி எனக்குத் தலை பின்னிவிடும்போது பாட்டு முணுமுணுத்தாள். அவளுக்குப் பாட்டுத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் பகுதியின் சபை உறுப்பினர் காலமானார். அவருடைய நாற்காலிக்கு இடைத்தேர்தல் வந்தது. அப்பா வேலை செய்த மல்லாட்டைக் கிடங்கின், அதாவது வேர்க்கடலைக் கிடங்கின், முதலாளி நின்றார். எல்லாரும் அவரை வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடுவதைப் போல முசே என்பார்கள். அவர் கறுப்பர்தான், ஆனால் கோட்டை வெயிலிலும் கழற்றமாட்டார். அப்பா அங்கே மேஸ்திரி. ஆகவே எங்கள் கட்சி எது என்று யாரும் எங்களைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பூசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஓட்டு. அதற்கு முந்தின நாள் பகலில் அப்பா அவசரமாக வீட்டுக்கு வந்தார். சித்தி தையற்கூடத்தில் இருந்தாள். அவளுடைய செபப் புத்தகத்துக்குள் சித்தப்பாவின் கார்த்து இருக்கும், எடுத்து வா என்றார். எடுத்துக் கொடுத்தேன். போன தேர்தலிலும் அதற்கு முந்தின தேர்தலிலும் எடுத்துக் கொடுத்தது அம்மா. இந்தத் தடவை அம்மா குழாயடியில் இருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

தம்பி செத்துவிட்டான் என்று சாமியாரிடம் சொல்லிவிட்டு வந்தவர், அந்தப் பூசை நடப்பதற்கு முன்பே தம்பியின் ஓட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிற்பாடு பலமுறை யோசித்திருக்கிறேன். அப்பா கெட்டவர் இல்லை. பூசை கோவில் காரியம், கார்த்து எலெக்சியோன் காரியம். இரண்டும் ஒரே ஆளைப் பற்றியவை என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. எங்கள் ஊரில் யார் புத்தியிலும் ஏறியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கம்பும் சாராயமுமாகக் கழிந்தது. பெண்டுகள் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே இருந்தோம். கிடங்கில் மூட்டை தூக்கும் ஒருவர் என் சித்தப்பாவாகப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். முசே ஜெயித்தார், ஆனால் மயிரிழையில். தோற்றவர் சும்மா விடவில்லை. தேர்தலைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரி மனுக் கொடுத்தார். செத்தவர்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று அதற்கு முன்னாலும் பலர் மனுக் கொடுத்திருக்கிறார்கள்; செத்ததற்கு ஆதாரம் காட்டுவதுதான் கஷ்டம். இந்தத் தடவை ஆதாரம் கோவில் கதவிலேயே ஒட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டுப் போட்டவனுக்குச் சனிக்கிழமை இறந்தவர் பூசை.

புதன்கிழமை சாயங்காலம் முசேயின் காரியஸ்தர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"பூசைய நிறுத்திடு மேஸ்திரி. ஒன் தம்பி வந்தான், ஓட்டுப் போட்டான், மறுபடி கப்பலேறிட்டான். அவ்ளோதான்" என்றார்.

அப்பா உள்பக்கம் பார்த்தார். சித்தி கோவிலுக்குப் போயிருந்தாள். "ஐயா, அந்தப் பொண்ணுக்கு ஓலை வாசிக்கிறதா பேசியிருக்கு."

"இத்தினி வருசம் இருந்தவ, கேசு முடியறமட்டும் இருக்கமாட்டாளா? முடிஞ்சதும் நானே சாமியாருகிட்ட வந்து பேசறேன். இல்ல, பொய் ஓட்டுக்குக் கார்த்து குடுத்தவன்னு நீ உள்ள போறியா, சொல்லு."

நான் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அதை எல்லாம் கேட்டேன். எனக்கு அதில் பயம்கூட இல்லை. சித்தப்பா செத்துப்போகவில்லை என்று சொல்லப்போகிறார்கள், அது நல்ல சேதிதானே என்று இருந்தது.

மறுநாள் சாமியார் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். தம்பி உயிரோடு வந்து போனான் என்று சுவிசேஷப் புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னார். அப்பா சொன்னார். சமையற்காரர் வேறு யாரையோ புதைத்ததைத் தப்பாக நினைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். இதையெல்லாம் அம்மா சொல்லித்தான் பின்னாளில் எனக்குத் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது, கோவில் கதவிலிருந்து காகிதத்தைக் கிழித்துவிட்டார்கள் என்பதும், அம்மா அப்பாவுக்குச் சோறு போடுகிறாள், பேசமாட்டேன் என்கிறாள் என்பதும்தான்.

சித்தி முதலில் நம்பவில்லை. அப்பா எதிரே அவள் நின்று பேசி நான் பார்த்ததில்லை, அன்று நின்றாள்.

"மாமா, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க."

"வந்தான்மா" என்றார் அப்பா. அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சித்தி வெள்ளிக்கிழமை முழுவதும் ஊரைச் சுற்றினாள். கப்பல் ஆட்கள் இறங்கும் பாலத்தடியில் விசாரித்தாள், கிடங்குக்குப் போய்க் கேட்டாள், ஓட்டுப்போட்ட பள்ளிக்கூடத்துக்கு எதிரே வெற்றிலைக் கடை வைத்திருந்தவரைக் கேட்டாள். எங்கள் கட்சிக்காரர்களுக்கு அதற்குள் சொல்லி வைத்தாகிவிட்டது. பார்த்தேன் என்றார்கள். ஒருவர் தொப்பி போட்டிருந்தார் என்றார், ஒருவர் ஆள் கொஞ்சம் பூசினாப்போல் இருந்தார் என்றார். யாருக்கும் அவள் மேல் பகை இல்லை. முசேக்கு ஒரு உபகாரம் என்று நினைத்துச் சொன்னார்கள். சிலர் அவளுக்கும் உபகாரம் என்று நினைத்திருப்பார்கள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போய், கடைசியில் முசே பக்கம் தீர்ந்தது. காரியஸ்தர் சாமியாரிடம் வரவில்லை. சுவிசேஷத்தின் மேல் கை வைத்துச் சொன்னதை எப்படித் திரும்ப எடுப்பது என்று அப்பாவுக்கும் தெரியவில்லை. கடிகாரக்காரர் காரைக்கால் பக்கம் பெண் எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டார். சித்தி எழுபது வயதுக்கு மேல் இருந்தாள். சாகும்வரை அவள் யாருடைய மனைவி என்பதில் திருச்சபைக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அப்பா தன் கடைசிக் காலத்தில் அவளைப் பார்த்தாலே எழுந்து நிற்பார். அவள் அதற்கான காரணத்தைக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. இன்றும் உண்டு. ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை, ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்த சித்தி, கடைசியாக என்னிடம்தான் கேட்டாள்.

செபப் புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கிறாள், கார்த்து இல்லை. கொல்லைப்புறத்தில் நான் பாவாடையில் புளியங்கொட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்து என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். செருப்பில்லாத கால், முழங்கால்வரை செம்மண் புழுதி. என்ன சொல்ல வேண்டும் என்று அப்பா எனக்கு முன்னாடியே சொல்லித் தந்திருந்தார்: சித்தப்பா வந்து கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

"கார்த்த யாரு பாப்பா எடுத்தது?"

"நான்தான். சித்தப்பா வந்து கேட்டாரு, குடுத்தேன்."

சித்தி கண்ணை மூடிக்கொண்டாள். நான் பொய் சொல்லும் பிள்ளை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். என்னை வளர்த்ததில் பாதி அவள்தான். ஊரே சொன்னபோது நம்பாததை அவள் அப்போதுதான் நம்பினாள் என்று இன்று நினைக்கிறேன். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்களில் ஊசி குத்திக் குத்திச் சொரசொரப்பாக இருக்கும்.

"வீட்டுக்குள்ள வந்தாரா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்; வாயால் சொன்னால்தான் பொய் என்பது என் கணக்கு.

"என்னப் பத்தி ஏதாச்சும் கேட்டாரா பாப்பா? எங்க போயிருக்கா, எப்புடி இருக்கான்னு ஏதாச்சும்?"

அந்த மாதம் நான், முதல் தடவை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பொய்யும் ஒவ்வொரு பாவம், பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எண்ணிச் சொல்ல வேண்டும் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். ஒரு பொய் அப்பாவுக்காகச் சொன்னதாகிவிட்டது. அதோடு இன்னொன்றைச் சேர்க்க எனக்குப் பயமாக இருந்தது. தவிரவும், வராதவர் எப்படிக் கேட்டிருப்பார்? இதிலாவது உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன்.

"இல்ல சித்தி. ஒண்ணுமே கேக்கல."

சித்தி என் கைகளை விட்டாள். சரி, விளையாடு என்று சொல்லிவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். நான் ஒரே ஒரு பொய்யோடு தப்பித்துக்கொண்ட சந்தோஷத்தில் புளியங்கொட்டைகளை மறுபடி பரப்பினேன். அவளுக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்தது அந்த இரண்டாவது பொய் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியவில்லை.