கார் ரேடியோவும் பிள்ளையார் விளக்கும்

என் கார் ரேடியோ கரகரத்ததற்கு நான் ஒரு நல்ல மனிதரைத் திருடன் என்று சொன்னேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று தள்ளிவைத்தால், நடுவில் எனக்குச் சாதகமாக நாலு வார்த்தை சேர்த்துவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

கார் இருபத்தைந்து வருஷத்துப் பழசு. மலேசிய அரசாங்க நில அலுவலகத்தில் வேலை பார்த்தபோது வாங்கியது, ஓய்வு பெற்ற பிறகும் விற்க மனம் வரவில்லை. ரேடியோவும் காரோடு வந்ததுதான். கேசட் போடுகிற வாய்கூட அப்படியே இருக்கிறது. வாரம் ஒருமுறை எங்கள் ஊர் ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவோம். மனைவி காரில் ஏறியதும் தூங்கிவிடுவாள். எனக்குப் பேச்சுத்துணை தமிழ் வானொலி மட்டுமே.

இந்த வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு அதில் கரகரப்பு ஆரம்பித்தது. பாட்டு ஒரு பக்கம் ஓடும், யாரோ கடலை வறுக்கிற சத்தம் ஒரு பக்கம் கேட்கும். ஏரியலைத் துடைத்தேன், இழுத்து விட்டேன், டேஷ்போர்டைத் தட்டினேன். தட்டினால் ஒரு நொடி அடங்குவது போலத் தோன்றும். அது என் ஆசை, வேறொன்றுமில்லை.

பக்கத்து ஊர் செமோரில் கார் மின்சார வேலை பார்க்கும் வயர்மேன் ஒருவர் இருக்கிறார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது, அதன் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் தொழில் செய்கிறார். எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஆறேழு வருஷமாக விளக்கும் மைக் செட்டும் அவர்தான். நான் கோயில் கமிட்டிச் செயலாளர். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரைத் தம்பி என்பேன். அதற்கு மேல் பழக்கமில்லை. என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, வந்தவர். எங்கள் வீடுகளில் தோட்டத்து ஆட்களை வாசலில் நிற்கவைத்தே பேசி அனுப்புவார்கள். எனக்கு அந்தப் புத்தி கிடையாது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரைக் கொண்டுபோய் விட்டேன். எஞ்சினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் திருப்பி ரேடியோவைப் போட்டார். கரகரப்பு குறையவில்லை.

"எஞ்சின் ஓடாமலே வருது. அப்ப டைனமோ இல்ல அண்ணே, பிளக்கும் இல்ல."

ரேடியோவின் பின்னாலிருந்து ஏரியல் வயரைப் பிடுங்கினார். பாட்டும் நின்றது, கரகரப்பும் நின்றது.

"இது ஏரியல் வழியா வருது லா. கார் உள்ளயே ஏதோ ஒண்ணு சத்தம் போடுது, ஏரியல் அத வாங்கிக்குது. ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்போம்."

போன் சார்ஜரைக் கழற்றினார். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவைக் கழற்றினார். அலாரத்தின் பியூஸை உருவினார். ஒன்றுக்கும் அசையவில்லை. கடைசியாக அவர் கை டேஷ்போர்டின் மேல் இருந்த பிள்ளையார் பக்கம் போனது.

எங்கள் ஆட்களின் கார்களில் பாதிக்கு மேல் அப்படி ஒன்று இருக்கும். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் பிள்ளையார், அடியில் சிவப்பும் நீலமுமாக மாறி மாறி எரியும் விளக்கு. அதன் வயரை சிகரெட் லைட்டர் துளையில் செருகிவிட்டால் போதும். தைப்பூசக் கடையில் வாங்கி, ஐயரிடம் கொடுத்துப் பூஜை போட்டு வைத்திருந்தேன்.

"சாமி விளக்க ஒரு நிமிஷம் கழட்டிப் பாக்கலாமா அண்ணே?"

அவர் கையெல்லாம் கிரீஸ். நகக்கண்ணில் கறுப்பு. காலையில் என்ன சாப்பிட்டு வந்தாரோ என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அதைச் சொல்லாமல் விட்டால் இதை எழுதி என்ன பயன்?

"அதத் தொடாதப்பா," என்றேன். "சாமிக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்?"

அவர் கை பாதி வழியில் நின்றது. பிறகு அதைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார். ரேடியோவைக் கழற்றி வைத்துக்கொள்வதாகவும், மேசையில் போட்டுப் பார்த்துச் சொல்வதாகவும் சொன்னார்.

மறுநாள் மனைவியோடு போனேன். மேசையில் சுத்தமாகப் பாடிய ரேடியோ காரில் மாட்டியதும் பழையபடி கரகரத்தது. "ரேடியோவுல ஒண்ணும் இல்ல அண்ணே" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையாரை ஒரு பார்வை பார்த்தார். நான் ரேடியோவை உற்றுப் பார்த்தேன். பொத்தான்களின் பச்சை வெளிச்சம் வெளிறியிருப்பதாகத் தோன்றியது. மூலையில் ஒரு கீறல். அவ்வளவுதான், என் மனசு தீர்ப்பு எழுதிவிட்டது: இது என் ரேடியோ இல்லை, நல்லதை எடுத்துக்கொண்டு ஏதோ ஒன்றை மாட்டிவிட்டார்.

கொட்டகையில் இன்னும் இரண்டு பேர் கார் விட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால், "சாமான மாத்திட்ட. உங்க ஆளுங்கள நம்பி ஒண்ணையும் குடுக்க முடியல" என்றேன்.

"எந்த ஆளுங்க சார்?" என்று கேட்டார்.

அவர் என்னை சார் என்றது அதுதான் முதல் தடவை. நான் காரில் ஏறினேன்.

"ஒரு ரேடியோவுக்காக இப்பிடியே கதைக்கிறது?" என்றாள் மனைவி. அன்று மட்டும் அவள் தூங்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. வீட்டுக்கு வந்து கோயில் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். செமோர் வயர்மேனிடம் சாமான் மாறிவிடுகிறது, கவனமாக இருங்கள், இந்த வருஷம் திருவிழா விளக்குக்கு வேறு ஆளைப் பார்ப்போம் என்று. நன்றி ஐயா என்றார் ஒருவர். நானும் கேள்விப்பட்டேன் என்றார் இன்னொருவர். என்ன கேள்விப்பட்டாரோ, பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம். 'தோட்டத்துப் பிள்ளைகளே அப்படித்தான்' என்று ஒருவர் எழுதினார். அதற்கு நான் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன். விளக்கு வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. எங்கள் தாமான் குடியிருப்பிலேயே இரண்டு பேர் அவரிடம் கார் விடுவதை நிறுத்தினார்கள்.

இரண்டு வாரம் கழித்து தஞ்சோங் மாலிம் போகும்போது, சிலிம் ரிவர் பக்கம் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏற்றிவிட்டேன். கார் தூக்கிப் போட்டது. ரேடியோ சட்டென்று தெளிந்தது. அறிவிப்பாளர் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. பிள்ளையாரே சரிசெய்துவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளத் திரும்பினேன். விளக்கு எரியவில்லை. குலுங்கியதில் வயர் துளையிலிருந்து கழன்று கீழே கிடந்தது.

காரை ஓரமாக நிறுத்தினேன். செருகினேன், கரகரத்தது. பிடுங்கினேன், தெளிந்தது. ஏழெட்டு முறை செய்தேன். ஒரு முறையாவது ஏமாற்றாதா என்று பார்த்தேன். தைப்பூசத்தில் வாங்கிய விளக்கு, தைப்பூசம் முடிந்து வந்த கரகரப்பு! ஒரு மடையனுக்குக்கூடப் புரிந்திருக்கும். அந்த மனிதர் அதன் அருகில் கையைக் கொண்டுபோனார், நான் தடுத்தேன். மனைவி விழித்துக்கொண்டு விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மறுநாள் தம்பூன் பம்ளிமாஸ் பழம் இரண்டு வாங்கிக்கொண்டு செமோருக்குப் போனேன். கொட்டகையைப் பார்த்ததும் பழத்தை வெளியில் எடுக்க வெட்கமாக இருந்தது. காரிலேயே விட்டுவிட்டேன். அன்று ஒரு கார்கூட நிற்கவில்லை. அவர் ஒரு பழைய ஸ்டார்ட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் நின்னுருச்சு தம்பி," என்றேன்.

அவர் நிமிரவில்லை. "விளக்கா சார்?"

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்னு இல்ல. அது ஒண்ணத்தான் பாக்காம விட்டது."

"இன்னொரு தடவ சொல்லியிருக்கலாமே." அந்த நேரத்திலும் என் நாக்கு குற்றத்தில் பாதியை அவர் தலையில் வைக்கப் பார்த்தது.

"நீங்க என் கையப் பாத்தீங்க சார்," என்றார் அமைதியாக. "அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

மேசைப் பக்கம் வந்து நின்றேன். பிறகு சொன்னேன். "தப்பு என்னோடது. நான் பேசின பேச்சும் தப்பு. மன்னிச்சிருங்க."

அவர் தலையை ஆட்டினார். மன்னித்ததாகவா, கேட்டுக்கொண்டதாகவா என்று தெரியவில்லை. "விளக்கு வேணும்னா இருக்கட்டும். வயர்ல ஒரு ஃபில்டர் போட்டா அடங்கிரும்" என்று எழுந்து, கை கழுவக் குழாய்க்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்தார். மறுபடியும் சோப்பு எடுத்தார்.

அவர் திரும்பி வருவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று போனை எடுத்தேன். 'ஒரு தவறு நேர்ந்துவிட்டது' என்று ஆரம்பித்தேன். முப்பது வருஷ அரசாங்க உத்தியோகம் கற்றுக்கொடுத்த வாக்கியம், அதில் ஆளே இருக்கமாட்டான். அழித்தேன். வயர்மேன் ஒன்றையும் மாற்றவில்லை, கோளாறு என் பிள்ளையார் விளக்கில் இருந்தது, அதை அவர் தொட வந்தபோது தொடாதே என்று தடுத்தவன் நான், அவர்மேல் பழி போட்டவனும் நான், விளக்கு வேலையை அவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எழுதி அனுப்பினேன்.

பட்டறை மேசையில் ஸ்குரூகளுக்கு நடுவில் கிடந்த அவர் போன் உடனே டிங் என்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருவிழா விளக்கைப் பற்றிப் பேச வசதியாக இருக்கும் என்று, போன வருஷம் அவரை அந்தக் குழுவில் சேர்த்ததே நான்தான். அவர் விலகவேயில்லை. நான் முதலில் போட்ட செய்தி, அதற்கு வந்த நன்றிகள், தோட்டத்துப் பிள்ளைகள், நான் கூப்பிய கை, எல்லாவற்றையும் இந்தக் கொட்டகையில் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

அவர் ஈரக்கையை உதறிக்கொண்டு வந்தார்.

"போன்ல செய்தி வந்திருக்கு," என்றேன்.

"அப்புறம் பாத்துக்கறேன் சார்."

கார்க் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். சோப்பு வாசம் வீசும் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"விளக்க நீங்களே எடுத்துக் குடுங்க," என்றார். "நான் தொடல."